நாங்க ஆர்குட்ல பேசுனோம், அக்கா பொண்ணு இன்ஸ்டால பேசுறா

போன மாசம் அக்கா போன் பண்ணி ஒரே புலம்பல். "இவ எந்நேரமும் அந்தப் போனையே கட்டிட்டு அழுறா, நீதான் ஐடில இருக்கியே, வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போ"ன்னா. ஐடில இருக்கிறதுக்கும் பதினாறு வயசுப் புள்ளைக்கு புத்தி சொல்றதுக்கும் என்ன சம்பந்தம்னு தெரியல, ஆனா எங்க குடும்பத்துல யார் வீட்டு டிவி ரிமோட் வேலை செய்யலைன்னாலும் எனக்குத்தான் போன் வரும், அந்தக் கணக்குல இதுவும் வந்துச்சு. சரின்னு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறுனேன்.

பஸ்ல தூக்கம் வரல. அவளுக்கு என்ன சொல்லலாம்னு யோசிச்சா, எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்துச்சு.

நான் பன்னெண்டாவது முடிச்சது 2007. எங்க கிளாஸ்ல இருந்த புள்ளைங்க எல்லாம் ஜூன் மாசத்தோட நெல்லிக்கா மூட்டைய அவுத்துவிட்ட மாதிரி சிதறிட்டோம், ஒருத்தி கோயம்புத்தூர், ஒருத்தி மதுரை, ரெண்டு பேருக்கு கல்யாணமே ஆயிருச்சு. பேசணும்னா வீட்ல லேண்ட்லைன் இருக்கு, ஆனா அது டிவிக்குப் பக்கத்துல ஸ்டூல்ல இருக்கும், அதுக்குப் பக்கத்துல அப்பா இருப்பாரு. மூணு நிமிஷத்துக்கு ஒரு கால்னு கணக்கு அப்போ, ரெண்டாவது நிமிஷத்துலயே அப்பா ஒரு செருமல் செருமுவாரு, அவ்ளோதான், "சரிடி வைக்கிறேன்"தான். இதுல எங்க மனசு விட்டுப் பேசுறது.

காலேஜ் போனா அது இன்னும் மோசம். எங்க பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் எப்படி இருக்கும்னு அந்தக் காலத்துல படிச்சவங்களுக்குத் தெரியும், பசங்க ஒரு வரிசை, பொண்ணுங்க ஒரு வரிசை, பஸ்ல முன்னாடி நாங்க பின்னாடி அவங்க, மாடிப்படி கூட தனித்தனி. வராண்டால ஒரு பையன்கிட்ட "ரெக்கார்டு நோட் எப்போ தரணும்"னு கேட்டதுக்கு என் பிரண்ட் ஐடி கார்டைப் புடுங்கி வச்சுட்டாங்க, அவ அப்பா வந்து கையெழுத்து போட்டுத்தான் வாங்கிட்டுப் போனாரு. ஹாஸ்டல்ல செல்போன் கூடாது. பிடிச்சா பைன்.

அப்போதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூவா, பிளைவுட் தடுப்பு, நோட்ல பேர் எழுதிட்டு உள்ள போகணும். நாலு பேர் சேர்ந்து போய் ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி ரெண்டு சேர்ல நெருக்கி உக்காருவோம், ஆளுக்கு அஞ்சு ரூவா. சீனியர் அக்கா ஒருத்தங்க ஆர்குட்ல அக்கவுண்ட் போட்டுக் குடுத்தாங்க. ஆர்குட்னா இப்போ இருக்கிற புள்ளைங்களுக்குத் தெரியாது, பேஸ்புக் மாதிரி ஒரு சைட்டு, கூகுள்ல வேலை பாத்த ஆர்குட் புயுக்கோக்டென்ங்கிறவரு உருவாக்கி அவர் பேர்லயே 2004ல வந்தது, 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடிட்டாங்க. நம்ம ஊர்லயும் பிரேசில்லயும்தான் அது பயங்கரமா ஓடுச்சு.

என் ப்ரொபைல் போட்டோ ஒரு மஞ்ச ரோஜா. எங்க செட்ல யாருமே சொந்தப் படம் போடல, பூ, குழந்தை, டெடி பியர், இதுதான். அதுல எங்க ஸ்கூல் பேரைத் தேடுனா ஒரு கம்யூனிட்டி இருந்துச்சு, அதுல என் பெஞ்ச்மேட். கோயம்புத்தூர் போனவ. பேரை வச்சுக் கண்டுபிடிக்கல, ஏன்னா பேர் ஏதோ ஏஞ்சல்னு வச்சிருந்தா, அவ எழுதியிருந்த ஒரு கிண்டலை வச்சு இது அவதான்னு தெரிஞ்சுருச்சு. "ஏய் நீயாடி?"ன்னு அவ பக்கத்துல ஒரு ஸ்க்ராப் போட்டேன், ஸ்க்ராப்னா அங்க எழுதி வைக்கிற மெசேஜ். அடுத்த வாரம் போய்ப் பாத்தா பதினோரு ஸ்க்ராப் போட்டு வச்சிருக்கா. அந்த பிளைவுட் தடுப்புக்குள்ள உக்காந்து நான் அழுதுட்டேன், பக்கத்துல இருந்தவ கரன்ட் போயிருச்சா பணம் போயிருச்சான்னு பயந்துட்டா.

ஸ்க்ராப்ன்னா எல்லாரும் படிக்கலாம், அதனால ரகசியம் பேச ஒரு வழி வச்சிருந்தோம். டெஸ்டிமோனியல்னு ஒண்ணு இருக்கும், நம்மள பாராட்டி அடுத்தவங்க எழுதறது, நாம அக்செப்ட் பண்ணாத்தான் வெளிய தெரியும். அதுல சொந்த விஷயத்தை எழுதி கடைசில "அக்செப்ட் பண்ணிடாத"ன்னு போடுவோம். ஒருத்தி கை தவறி அக்செப்ட் பண்ணி அவ அண்ணன் வரைக்கும் போயி, அது தனிக்கதை. நான் சொல்ல வர்றது, பேசணும்ங்கிற ஆசை இருந்தா புள்ளைங்க எந்தச் சந்துலயும் புகுந்துருவாங்க. பாராட்டு எழுதக் குடுத்த பெட்டிய நாங்க இன்லேண்ட் லெட்டரா மாத்திக்கிட்டோம்.

இன்னொண்ணு. பக்கத்து வரிசைல ஒரு பையன், ஒரு வருஷம் ஒரே ரூம்ல உக்காந்திருக்கோம், ஒரு வார்த்தை பேசுனதில்ல. முதல் பேச்சு ஆர்குட்லதான், அதுவும் மேத்ஸ் பேப்பரைப் பத்தி, "எம்-2 மூணாவது யூனிட் நோட்ஸ் இருக்கா?". லவ் எல்லாம் இல்ல, எல்லாரும் இந்த இடத்துல அதைத்தான் எதிர்பார்ப்பீங்க, அவனுக்கு ஆளு வேற இருந்துச்சு. ஆனா பத்தடி தூரத்துல இருக்கிறவன்கிட்ட பேச, கலிபோர்னியா கம்பெனி வழியா சுத்திப் போக வேண்டியிருந்துச்சு பாருங்க, அதை இப்ப நினைச்சாலும் சிரிப்பும் வருது கோவமும் வருது. பின்னாடி 2011ல நான் வேலை தேடி அலைஞ்சப்போ அவன் குடுத்த ரெஃபரல்லதான் முதல் வேலை கிடைச்சுது.

நடுவுல எஸ்எம்எஸ் காலம், அதை வேகமா சொல்லிடுறேன், ரேட் கட்டர்னு மெசேஜ் ரேட்டைக் குறைக்கிற ரீசார்ஜ் போட்டு ராத்திரி பூரா போர்வைக்குள்ள மெசேஜ், தீபாவளி பொங்கல்னா மட்டும் பேக் செல்லாது காசு புடிப்பான், 2011 செப்டம்பர்ல போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ட்ராய் வந்து ஒரு நாளைக்கு நூறுதான்னு கட்டுப்பாடு போட்டு அப்புறம் இருநூறாக்குச்சு, அதுக்குள்ள வாட்ஸப் வந்து அந்தக் கதையே முடிஞ்சுது.

சென்னை வந்தது வேற மாதிரி தனிமை. வேளச்சேரில பிஜி, ஒரு ரூம்ல மூணு பேர், மூணு பேரும் மூணு ஷிப்ட். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்த ரூம்ல தனியா உக்காந்திருக்கிறது இருக்கே, அதுக்கு ஹாஸ்டல் வார்டன் திட்டே மேல். ஊர்ல இருந்தா யாராவது வாசல் தாண்டிப் போறப்ப "என்ன புள்ள சாப்ட்டியா"ன்னு ஒரு வார்த்தை விழும், இங்க செக்யூரிட்டி அண்ணனைத் தவிர என் பேர் தெரிஞ்சவங்க அந்தத் தெருவுல யாரும் கிடையாது. பெயிண்ட் டப்பால வெந்தயக்கீரை போட்டேன், அது பூச்சி அரிச்சுச்சு, அதுக்கு வழி கேக்கப்போயி பேஸ்புக்ல ஒரு மாடித்தோட்ட குரூப்ல சேந்தேன். வேப்பெண்ணெய்ல சோப்புத்தண்ணி கலந்து அடின்னு ஒரு அம்மா சொன்னாங்க, திருவான்மியூர்ல இருக்கிறவங்க, ரிட்டயர்ட் டீச்சர். அங்க ஆரம்பிச்ச பேச்சு. அவங்களை நேர்ல பாத்தது ஒன்றரை வருஷம் கழிச்சு, செம்மொழிப் பூங்கால விதை மாத்திக்க ஒரு பத்து பேர் கூடுனோம், நான் பிஜி ரூம்மேட்டை இழுத்துட்டுத்தான் போனேன். இதை எல்லாப் பொண்ணுங்களுக்கும் சொல்றது, பசங்களுக்கும்தான், ஆன்லைன்ல பழகுனவங்களை முதல் தடவை பாக்கிறதுன்னா பகல்ல, நாலு பேர் நடமாடுற இடத்துல, கூட ஒரு ஆளோட, எங்க போறோம்னு இன்னொரு ஆள்கிட்ட சொல்லிட்டு. "நீ மட்டும் வா"ன்னு சொல்ற ஆளை அப்பவே விட்டுறலாம், நல்லவங்க யாரும் துணையோட வர்றதுக்கு கோச்சுக்க மாட்டாங்க.

2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி மழை சென்னைல இருந்த யாருக்கும் மறக்காது. செம்பரம்பாக்கத்துல தண்ணி திறந்த ராத்திரி எங்க பிஜி கீழ்த்தளம் முழுசா போயிருச்சு, கரன்ட் இல்ல, டவர் வருது போகுது. கிடைச்ச ரெண்டு நிமிஷ நெட்ல பேஸ்புக் "பத்திரமா இருக்கேன்"னு ஒரு பட்டன் காட்டுச்சு, அமுக்குனேன், ஊர்ல அக்கா அதைப் பாத்துட்டுத்தான் அம்மாவுக்கு சோறு ஊட்டுனாளாம். அந்த டீச்சரம்மா குரூப்ல என் பேரைப் போட்டு "இந்தப் பொண்ணு வேளச்சேரில இருக்கா, யாருக்காவது தெரியுமா"ன்னு கேட்டிருக்காங்க. மூணாவது நாள் இடுப்பளவுத் தண்ணில நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தப்போ அவங்க மகன் பைக்கோட நிக்கிறாரு. நாலு நாள் அவங்க வீட்ல இருந்தேன். ரசம் சாதமும் சுட்ட அப்பளமும். ஆன்லைன் பழக்கமெல்லாம் பொய்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ரச வாசனைதான் வரும்.

அதுக்காக எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்புறம் நெட் ஓசில கிடைச்ச மாதிரி ஆச்சு, அதுக்கப்புறம் எனக்கே ஒரு கெட்ட பழக்கம் வந்துச்சு. அடுத்தவங்க கல்யாண ஆல்பம், அடுத்தவங்க மாலத்தீவு டூர், அடுத்தவங்க புது கிச்சன், பாத்துட்டே இருப்பேன், எதுவும் பேச மாட்டேன், ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போனை வச்சா மனசு புளிச்ச மாவு மாதிரி இருக்கும். ரொம்ப நாள் கழிச்சுத்தான் வித்தியாசம் பிடிபட்டுச்சு, பழைய காலத்து ஆர்குட்ல நான் பேசிட்டிருந்தேன், இப்ப வேடிக்கை பாத்துட்டிருக்கேன். இப்போ நானா ஒரு கணக்கு வச்சிருக்கேன், ஒரு மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணி ஒரு ஆள்கிட்ட கூட ஒரு வார்த்தை பேசலைன்னா அது பழக்கம் இல்ல, டிவி. அப்போ மூடி வச்சுட்டு யாருக்காவது "என்ன பண்ற"ன்னு போன் போட்டுருவேன். எல்லா நாளும் இது நடக்குதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

சரி அக்கா வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமை காலைல ஆறரைக்குப் போய் இறங்குறேன், பாப்பா யூனிபார்ம்ல கிளம்பி நிக்கிறா. சனிக்கிழமை. ப்ளஸ் ஒன்னுக்கே ஸ்பெஷல் கிளாஸாம். ஏழு மணிக்கு ஸ்கூல் வேன், சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு, ஆறரைக்கு கெமிஸ்ட்ரி டியூஷன், எட்டரைக்கு சாப்பாடு. அவளோட மூணு பிரண்ட்ஸ், ஒருத்தி பந்தல்குடி, ஒருத்தி பாலையம்பட்டி, ஒருத்தி கல்குறிச்சி பக்கம், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வேன்ல போய் ஒவ்வொரு வேன்ல வர்றாங்க. கிளாஸ்ல பேசக்கூடாது, வேன்ல பாட்டு போட்டுருவான். அத்தான்கிட்ட கேட்டேன், இந்தப் புள்ளைங்க நாலு பேரும் சேந்து உக்காந்து பேசணும்னா எங்க அத்தான் போகணும்னு. யோசிச்சாரு. "அதான் ஸ்கூல்ல பாக்குறாள்ல"ன்னாரு. அவ தம்பி எட்டாவது படிக்கிறான், அவன் சைக்கிளை எடுத்துட்டு கிரவுண்டுக்குப் போறான், பேக்கரி வாசல்ல நிக்கிறான், கண்மாய்ல குளிக்கிறான், அவனை யாரும் எங்க போனேன்னு கேக்கல. இவளுக்கு வீட்டு வாசல்ல நின்னாலே "உள்ள வா". எங்க பாட்டி காலத்துலயாவது திண்ணை இருந்துச்சு, தண்ணி எடுக்கப் போற சாக்குல குழாயடி இருந்துச்சு. இப்போ திண்ணைய இடிச்சு கிரில் கேட் போட்டாச்சு, தண்ணி வீட்டுக்குள்ளயே வருது.

அப்புறம் இன்னொண்ணு, போனை அவ கைல திணிச்சது யாரு? 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுனப்போ இவ அஞ்சாங்கிளாஸ். எட்டாவது வரைக்கும் இருக்கிற புள்ளைங்களுக்கு திரும்ப ஸ்கூல் திறந்தது 2021 நவம்பர் ஒண்ணாந்தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல பாடம், ஹோம்வொர்க், பிரண்டு, பர்த்டே எல்லாமே அந்த ஆறு இன்ச்சுக்குள்ளதான். அப்போ "போனை எடுத்துட்டுப் போய் உக்காரு"ன்னு திட்டுனோம், இப்போ "போனைக் கீழ வை"ன்னு திட்டுறோம்.

ராத்திரி மொட்டை மாடில அவகூட படுத்தேன். புத்தி சொல்ற வேலையே வச்சுக்கல, நான் ஆர்குட் கதைய சொன்னேன். டெஸ்டிமோனியல் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் அவளா போனைக் காட்டுனா. அவங்க நாலு பேருக்கும் ஒரு குரூப் சாட், அதுல முக்கால்வாசி ரீல்ஸ்தான் போகுது, பூனை விழுறது, யாரோ சார் மாதிரி நடிக்கிறது. "இதுல என்னடி பேச்சு இருக்கு"ன்னேன். "சித்தி, ரீல் அனுப்புனா உன்னை நினைச்சேன்னு அர்த்தம், பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல"ன்னா. அட ஆமால்ல. நாங்க மிஸ்டு கால் குடுத்தோமே, அதேதான், காசு இல்லாம "இருக்கேன்டி"ன்னு சொல்றது. ராத்திரி ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும் வீடியோ கால் ஓடுமாம், யாரும் பேச மாட்டாங்களாம், எல்லாரும் அவங்கவங்க ஹோம்வொர்க் எழுதுவாங்களாம், சும்மா கூட இருக்கிறதுக்கு. இதைத்தான் அக்கா "எந்நேரமும் போன்"னு சொன்னது.

அப்புறம் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "சித்தி அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னா. சத்தியம் பண்ணல, "உனக்கு ஆபத்துன்னா சொல்லுவேன், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்"னேன். அது போதும்னு பட்டிருக்கு போல, சொன்னா.

ஒரு சாட் ஆப்ல பதினேழு வயசுப் பொண்ணுன்னு சொல்லி ஒரு ஆள் பழகியிருக்கு. அவளுக்குப் பிடிச்ச கொரியன் பாட்டு குரூப்பு அதுக்கும் பிடிக்குமாம், ரெண்டு மாசப் பழக்கம். சாதாரண போட்டோதான் அனுப்பியிருக்கா, சுடிதார் போட்டது. அதை ஏதோ பண்ணி அசிங்கமா மாத்தி திருப்பி அனுப்பி, அஞ்சாயிரம் குடு இல்லைன்னா உன் ஸ்கூல் குரூப்ல போடுவேன்னு மிரட்டியிருக்கான். ஒன்பது நாளா இவ மட்டும் மென்னு முழுங்கிட்டு இருந்திருக்கா. ஏன்டி சொல்லலைன்னு கேட்டதுக்கு, "சொன்னா அம்மா போனைப் புடுங்கிருவாங்க, அப்புறம் நான் யார்கிட்ட பேசுவேன்"ன்னா. இந்த ஒரு வரிய எல்லா அப்பா அம்மாவும் கேக்கணும். போனைப் புடுங்குவேன்ங்கிற மிரட்டல்தான் அந்தத் திருட்டுப்பயலுக்கு நாம குடுக்கிற பெரிய ஆயுதம்.

என்ன பண்ணோம்னு சொல்றேன், யாருக்காவது உதவும். முதல்ல எதையும் அழிக்கல, பிளாக்கும் பண்ணல, மிரட்டல் மெசேஜ், அந்த அக்கவுண்ட் பேர், ப்ரொபைல் லிங்க், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாத்தையும் தேதி தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். அவன்கிட்ட ஒரு வார்த்தை கெஞ்சல, ஒரு ரூவா அனுப்பல, ஏன்னா ஒரு தடவை குடுத்தா நிக்காது. எடுத்து முடிச்சப்புறம்தான் ரிப்போர்ட், பிளாக். அப்புறம் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் சைட்ல புகார், பொண்ணுங்க புள்ளைங்க சம்பந்தப்பட்ட புகாருக்கு அதுல பேர் சொல்லாமயே குடுக்கவும் வழி இருக்கு. பணம் ஏற்கனவே போயிருந்தா உடனே 1930ங்கிற சைபர் மோசடி ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. புள்ளைங்க தானாவே பேசணும்னா 1098ங்கிற குழந்தைங்க ஹெல்ப்லைன் இருக்கு. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களோட இந்த மாதிரி அசிங்கப் படத்துக்கு டேக் இட் டவுன்னு ஒரு இலவச வசதி இருக்கு, அதுல படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், நம்ம போன்லயே படத்துக்கு ஒரு அடையாள எண்ணு உருவாக்கி அந்த எண்ணு மட்டும்தான் போகும், சேந்திருக்கிற தளங்கள்ல அந்தப் படம் ஏறுனா கண்டுபிடிச்சு எடுத்துருவாங்க. திங்கக்கிழமை லீவு சொல்லிட்டு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நானும் அக்காவும் பாப்பாவும் போனோம், ஒரு லேடி எஸ்ஐ பொறுமையா எழுதி வாங்குனாங்க. படம் இது வரைக்கும் எங்கயும் வரல.

அக்காகிட்ட சொன்னது ஞாயித்துக்கிழமை காலைல, பாப்பாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு. அக்கா கை ஓங்கிட்டா, நான் நடுவுல நின்னுட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதாங்க, அத்தான் மாட்டுத்தொழுவம் பக்கம் போய் நின்னுக்கிட்டாரு, அவருக்குத் தெரிஞ்ச வழி அது.

இன்ஸ்டாலயும் ஒரு வேலை பாத்தோம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அக்கவுண்ட் ஆரம்பிக்கிறப்போ வயசு பத்தலைன்னு, பிறந்த வருஷத்தை 2000ன்னு போட்டு வச்சிருக்கா, அதனால அது இவளை இருபத்தஞ்சு வயசுப் பொம்பளைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. சரியான வயசு போட்டாத்தான் டீன் அக்கவுண்டா மாறும், இவ ஃபாலோ பண்ணாத ஆளு இவளுக்கு மெசேஜ் போட முடியாது. அதை மாத்துனோம். ப்ரைவேட் ஆக்குனோம். முந்நூத்திச் சொச்சம் ஃபாலோயர்ஸ்ல, நேர்ல பாத்தா வணக்கம் சொல்லுவியான்னு ஒவ்வொருத்தரா கேட்டேன், அவளே நூத்தி எழுபது பேரை எடுத்துட்டா.

நான் கிளம்புறப்போ அக்காகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. போனைக் குறைக்கணும்னா அதுக்குப் பதிலா ஒரு இடம் குடு, மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை அந்த மூணு புள்ளைங்களையும் வீட்டுக்கு வரச் சொல்லு, அவங்க வீட்ல நீயே போன் பண்ணிக் கேளு, நீ மாடிப்பக்கம் போகாத. முணுமுணுத்துக்கிட்டே சரின்னா.

போன வாரம் முதல் தடவை வந்திருக்காங்க. ராத்திரி அக்கா போன் பண்ணா. "ஒரு மணி நேரம் அப்படிச் சிரிப்பு, தெருவே கேக்குது. அப்புறம் சத்தமே காணோம், என்னடான்னு எட்டிப் பாத்தா நாலும் நாலு மூலைல போனை வச்சுக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு ரீல் அனுப்பிக்கிட்டு இருக்குதுங்க, பக்கத்துல உக்காந்துக்கிட்டே! இதுக்கா நான் அரைக்கிலோ பஜ்ஜி மாவு கரைச்சேன்?"

அடுத்த தடவை ரெண்டு பேர் கூடுதலா வர்றாங்களாம். முக்காக்கிலோ வாங்கி வைக்கச் சொன்னேன்.